கோலா கங்சாரில் கேட்காமல் போன கிட்டார்

கிட்டாருக்குத் தந்தி ஆறு. அதை எப்படி வாசிக்க வேண்டும் என்பதற்கு அபிப்பிராயம் அறுபது. அந்த அறுபதில் ஐந்தாறை மூன்று வருடம் படித்துக் குழம்பியவள் எழுதுகிறேன்.

அநியாயம் நடந்தது எனக்கு. செய்தவர் குமரேசன் அண்ணே. கோலா கங்சாரில் ஒரு கல்யாண மதிய விருந்தில் மேடையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம், பதினோரு பாட்டு வாசித்தேன். பிறகு கல்யாண வீட்டார் அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். அதில் அண்ணே பாடுவது கேட்கிறது. செல்வி அக்காவின் கீபோர்டு கேட்கிறது. ஃபரிட் உட்கார்ந்து தட்டும் மரப்பெட்டி கேட்கிறது. ஒரு குழந்தை ஐஸ்கிரீமுக்கு அழுவதுகூடத் தெளிவாகக் கேட்கிறது. என் கிட்டார் மட்டும் இரண்டாவது பாட்டின் பாதியில் நின்றுவிடுகிறது. அதற்கப்புறம் என் விரல் ஓடுகிறது, தலை ஆடுகிறது, சத்தம் இல்லை. என் கிட்டாரின் வயர் போய்ச் சேரும் மிக்சர் பெட்டி அண்ணேயின் வலது கைக்குப் பக்கத்தில் இருக்கிறது. மின்னியல் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறவளுக்கு இதற்கு மேல் சாட்சி எதற்கு? என் ஒலியை மூடிவிட்டு, என்னைக் கடை வாசலில் நிறுத்தும் பொம்மை மாதிரி உட்கார வைத்திருக்கிறார்.

விரல் நுனி காய்த்துப்போன சகோதர சகோதரிகளே, தீர்ப்பு சொல்வதற்கு முன்னால் நான் எப்படி இந்த நிலைக்கு வந்தேன் என்று கேளுங்கள். எனக்கு வாத்தியார் கிடையாது. பெரிய பெரிய கிட்டார் கலைஞர்களின் வீடியோவைப் பார்த்து, அரை வருடத்துக்கு ஒருவர் என்று படித்தேன். அவர்களுடைய பாட்டை அல்ல, பாணியை. எப்படி உட்காருகிறார், எந்த விரலை எங்கே வைக்கிறார், எப்போது மூச்சு விடுகிறார், எல்லாம். பெயர் சொல்லப்போவதில்லை, சொன்னால் அவரவர் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். நானே சண்டைக்காரி, இன்னொரு கூட்டம் தாங்காது.

நிற்காத கட்டைவிரல்

முதலில் நான் பின்பற்றியவருக்கு வைத்த பெயர் கட்டைவிரல்காரர். அவருடைய கொள்கை ஒன்றுதான்: மற்ற விரல்கள் என்ன செய்தாலும், வீடே இடிந்தாலும், கட்டைவிரல் தடித்த தந்திகளில் தாளத்தை விடாமல் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆறு மாதம் அதையே பயின்றேன். விரிவுரை மண்டபத்து மேசையிலும் ஈப்போ பஸ்ஸிலும் என் கட்டைவிரல் தானாக ஆடியது.

அந்தச் சமயத்தில்தான் குமரேசன் அண்ணேயின் குழுவுக்கு கிட்டார் ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். அண்ணே ஜெலாப்பாங் தொழிற்சாலை ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். சனி ஞாயிறுகளில் பாடகர். ஃபரிட் அதே தொழிற்சாலைக் கூட்டாளி, எங்களோடு பழகி நன்றாகவே தமிழ் பேசுவான். செல்வி அக்கா பாலர் பள்ளி ஆசிரியை. ஒத்திகை நடப்பது லகாட் பக்கத்தில் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தின் ஆயாக்கொட்டாயில். பால்மரம் வெட்டப் போனவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளக் கட்டியது அது. இப்போது சுற்றிலும் எண்ணெய்க்கான செம்பனை. கொட்டாய் மட்டும் நாங்கள் கத்துவதற்காக மிச்சம் இருக்கிறது.

அண்ணே பாடினார், நான் வாசித்தேன். நடுவில் ஏதோ சொல்ல அவர் நிறுத்தினார். செல்வி அக்கா நிறுத்தினார். ஃபரிட் நிறுத்தினான். நான் கொள்கைக்காரி; தலையைத் தூக்காமல் தாளத்தைத் தொடர்ந்தேன். ஒரு நிமிடம் பொறுத்துவிட்டு அண்ணே மற்ற இருவரையும் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "பாட்டு நின்னுருச்சு. அந்தக் கட்டைவிரலுக்கு யாராச்சும் போயி சொல்லுங்க லா."

ஆனாலும் என்னைச் சேர்த்துக்கொண்டார். ஏன் என்று அப்போது புரியவில்லை.

ஒரு கைக்கு மட்டும்

இரண்டாமவர் நகக்காரர். வலது கையில் நகம் இல்லாதவன் தந்தியைத் தொடவே கூடாது என்பது அவர் கட்சி. என் நகமோ சோப்புத் தண்ணீர் பட்டாலே உடையும். கிட்டார்காரர்கள் செயற்கை நகம் ஒட்டிக்கொள்வது உண்டு என்று படித்துவிட்டு ஈப்போவில் நக அலங்காரக் கடை ஒன்றுக்குப் போனேன்.

கடைக்கார ஆண்ட்டி கன்டோனீஸ் பேசும் சீனர். நாங்கள் பேசிக்கொண்டது மலாயில். வலது கையில் நான்கு விரலுக்குப் போதும், சுண்டுவிரல் வேண்டாம், பூ வேண்டாம், கல் வேண்டாம், நீளம் இரண்டு மில்லிமீட்டர், முனை சாய்வாக இருக்க வேண்டும் என்று காகிதத்தில் படம் வரைந்து விளக்கினேன். இடது கைக்கு ஒன்றும் வேண்டாம், இருக்கிற நகத்தையும் ஒட்ட வெட்டுங்கள் என்றேன். அவர் என் இரண்டு கைகளையும் விளக்குக்கு அடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "இந்தக் கை கல்யாணத்துக்குப் போகுது, அந்தக் கை மட்டும் பாத்திரம் கழுவப் போகுதா?"

இதில் கொடுமை என்னவென்றால், இரண்டு மாதம் கழித்து இன்னொரு பெரியவரின் பேட்டியைப் பார்த்தேன். நகம் என்பது முதுகு சொறிய. தந்திக்குச் சதைதான் என்கிறார். அவர் வாசிப்பும் தேன். நகக்காரர் வாசிப்பும் தேன். இரண்டு பேரும் சரியாக இருக்க முடியாதே என்று இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் ஒரு நகம் தானாக உதிர்ந்து பிரச்சினையைக் கால்வாசி தீர்த்தது.

வந்ததிலிருந்து ரிப்பேர்

அடுத்தவர் திருகல்காரர். எல்லாரும் கட்டும் சுருதியில் தந்தியைக் கட்டுவது சோம்பேறித்தனம் என்பவர். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒவ்வொரு விதமாகத் தந்தியை இறக்கி ஏற்றிக் கட்டுவார். வீட்டில் செய்து பார்த்தேன். ஒரு விரலும் வைக்காமல் தடவினாலே கோயில் மணி மாதிரி ஒலித்தது. மயங்கிவிட்டேன்.

ஈப்போவில் ஒரு நிச்சயதார்த்த விருந்தில் அதை மேடையேற்றினேன். நான் கணக்கில் எடுக்காதது ஒன்று உண்டு: அந்த மகான் ஒவ்வொரு கச்சேரிக்கும் ஐந்தாறு கிட்டார் கொண்டுவருவாராம். என்னிடம் இருப்பது ஒன்று. ஆகவே ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் ஆறு தந்தியையும் திருகினேன். அண்ணே அந்த இடைவெளியை நிரப்ப மாப்பிள்ளை வீட்டைப் புகழ்ந்தார், பெண் வீட்டைப் புகழ்ந்தார், மீன் குழம்பைப் புகழ்ந்தார், கடைசியில் மண்டபத்தின் கார் நிறுத்தும் இடத்தைப் புகழ்ந்தார். முன்வரிசை மேசையில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்து மேடைக்கே வந்து, அண்ணேயிடம் ரகசியம் போல, ஆனால் மைக்கில் விழும்படி சொன்னார்: "தம்பி, அந்தப் புள்ளைக்கு நல்ல கிட்டாரா ஒண்ணு வாங்கிக் குடுங்க. வந்ததுலேருந்து ரிப்பேர் பண்ணிக்கிட்டே இருக்கு, பாவம்."

இரைச்சல் வேண்டும்

இரைச்சல்காரரைப் பற்றிச் சொன்னால் நீங்கள் என் பக்கம்தான் நிற்பீர்கள். அவருடைய மூன்றாவது தந்தியில், மேலே ஒரு குறிப்பிட்ட இடத்தில், வண்டு முனகுவது போல ஒரு நடுக்கம் வரும். எல்லா ஒலிப்பதிவிலும் வரும். அதில்தான் அவர் சோகமே இருக்கிறது என்று நான் முடிவு செய்தேன். மூன்று மாதம் விரலைச் சாய்த்தேன், தளர்த்தினேன், அழுத்தினேன். என் கிட்டாரில் அந்த வண்டு வரவேயில்லை.

பழைய ஈப்போவில் கிட்டார் பழுது பார்க்கும் லியோங் அங்கிளிடம் போய், கைப்பேசியில் அந்த இடத்தைப் போட்டுக் காட்டி, இந்தச் சத்தம் என் கிட்டாரில் வர வேண்டும் என்றேன். அவர் கிட்டாரை வாங்கித் திருப்பினார். பக்கவாட்டில் இருக்கும் பொத்தான் பெட்டியைத் தட்டி, "பேட்டரி எப்ப மாத்துன?" என்று மலாயில் கேட்டார். விஷயத்துக்கு வாருங்கள் அங்கிள் என்றேன். இன்னொரு தடவை ஒலிப்பதிவைக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றினார். "இது ஸ்டைல் இல்ல. பலகை வீங்கியிருக்கு. தந்தி கழுத்துல இருக்கிற குறுக்குக் கம்பியில இடிக்குது. இத எடுக்கச் சொல்லி மாசம் பத்துப் பேரு வாராங்க. போடச் சொல்லி நீ ஒருத்திதான் வந்திருக்க" என்றார். உலகமே கொண்டாடுகிற கலைஞர் அங்கிள் அவர் என்று நான் அரை மணி நேரம் வாதாடினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு துண்டுச் சீட்டை எடுத்து எழுதி நீட்டினார்: "இது என் கடை அட்ரஸ். அந்த ஆளுகிட்ட குடு. ஒரே நாள்ல சரி பண்ணித் தாரேன்."

கண்மூடி

கடைசியாக வந்தவர் கண்மூடி. இவர் மற்ற எல்லாரையும் பொய்யாக்கினார். அதிகம் வாசிப்பவன் பயந்தவன் என்பது இவர் கட்சி. ஒரு வரிக்கு இரண்டு சுரம், மூன்று சுரம், அவ்வளவுதான். மிச்சமெல்லாம் மௌனம். வாசிக்கத் தொடங்கும்போது கண்ணை மூடுவார்; கைதட்டல் கேட்டால்தான் திறப்பார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டரை வருடக் குழப்பத்துக்கு விடை கிடைத்துவிட்டதாக நம்பினேன்.

ஆயாக்கொட்டாயின் கூரை தகரம். பேராக் மாநிலத்தில் மத்தியானம் மூன்று மணிக்கு என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். அன்றைக்கு ஒத்திகையில் மழை தகரத்தை அடித்துக்கொண்டிருந்தது. நான் கண்ணை மூடி, வரிக்கு இரண்டு சுரம், மெல்ல, மிக மெல்ல. பாட்டு முடிந்ததும் கண்ணைத் திறந்தேன். ஃபரிட் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஏதோ தொலைத்தவர் மாதிரி. "அந்தக் கட்டைவிரல் எங்கம்மா?" என்று கேட்டார். அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டேன் அண்ணே என்றேன். கல்யாணத்துக்கு மட்டுமாவது அதைக் கூட்டிக்கொண்டு வா என்றார். அரைமனதாக ஒத்துக்கொண்டேன், ஆனால் கண்ணை மூடுவதை விடமாட்டேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். கீபோர்டை உறையில் போட்டுக்கொண்டே செல்வி அக்கா முடிவுரை சொன்னார்: "இன்னும் ஆறு மாசம் போனா நீ கிட்டாரே இல்லாம வாசிச்சிருவ."

கோலா கங்சார்

இப்போது அந்த மதிய விருந்து. மாப்பிள்ளை வீட்டார் செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்து வந்த வணிகக் குடும்பம். சாப்பாட்டைப் பற்றி எழுதினால் கோபம் ஆறிவிடும், அதனால் விடுகிறேன். பொண்ணு மாப்பிள்ளை வரத் தாமதமானதால் இடைவேளை கிடையாது, பதினோரு பாட்டும் ஒரே மூச்சில் என்றார்கள். கட்டைவிரலைத் திரும்ப அழைத்தேன், கண்ணை மூடினேன். சத்தியமாகச் சொல்கிறேன், என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக வாசித்ததில்லை. கட்டைவிரல்காரரும் கண்மூடியும் என் ஒரே கைக்குள் சமாதானமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அண்ணே உற்சாகத்தில் என் காலை மிதித்து மிதித்துத் தாளம் போட்டார். வலித்தது. பொறுத்துக்கொண்டு நானும் தலையை ஆட்டினேன்.

முடிந்ததும் அண்ணே அவசரமாக ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் அப்பா கார் ஹாரனை அடித்தார். மறுநாள் எனக்குப் பரீட்சை. படியிறங்கும்போது பட்டுச்சேலை கட்டிய அம்மா ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த வார்த்தையை ஒரு வாரம் நெஞ்சில் வைத்துக்கொண்டு திரிந்தேன், வீடியோ வரும்வரை: "கிட்டார் ரொம்ப நல்லா இருந்துச்சு மா. ஒரு தொந்தரவும் இல்ல."

விசாரணை

வீடியோவைப் பார்த்த அன்றே அண்ணேக்கு வாட்ஸ்அப் எழுதினேன். பதினான்கு அம்சங்கள், எண் போட்டு. முதல் அம்சம், என் ஒலியை மூடியது நம்பிக்கைத் துரோகம். நான்காவது, நீங்கள் மட்டும் யோக்கியமா. மூன்று பாட்டில் தாமதமாக உள்ளே வந்திருக்கிறீர்கள், வீடியோவில் கேட்கிறது. பதினான்காவது, தகுந்த காரணம் சொல்லாவிட்டால் அடுத்த மாதம் லகாட் சங்க விருந்துக்கு வரமாட்டேன், வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள். அண்ணே வேலையில் இருந்தார் போலிருக்கிறது. பதிலாக ஒரு கட்டைவிரல் படம் வந்தது. கட்டைவிரல். எனக்கு.

மாலையில் அவரே கூப்பிட்டார். "இல்லம்மா, அன்னைக்கு உன்..." என்றார். 'உன்' என்று ஆரம்பித்தாலே பழி என் மேல்தான் வரப்போகிறது என்று தெரிந்து, நியாயம் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கினேன். அவர் மெதுவாகப் பேசுகிறவர். நான் அப்படியில்லை. மூன்று வாரத்தில் நான்கு அழைப்பு. ஒவ்வொன்றும் "இல்லம்மா" என்பதோடு நின்றது. கிட்டாரைப் பைக்குள் போட்டுப் பூட்டி வேலைநிறுத்தம் செய்தேன்.

ஆத்திரத்தைச் சொல்லிவிட்டேன், பயத்தையும் சொல்லிவிடுகிறேன். என்னை மூடியது பெரிய விஷயமில்லை. மூடியது யாருக்கும் தெரியவில்லை, அதுதான் விஷயம். நானூறு பேர் மண்டபத்தில் ஒன்பதரைப் பாட்டுக்கு நான் இல்லை; ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அப்படியென்றால் மூன்று வருடம் நான் யாருக்காக நகம் வளர்த்தேன், வெட்டினேன், தந்தியைத் திருகினேன்? குழுவை விட்டு விலகுவதாகச் செல்வி அக்காவிடம் சொல்லி, அண்ணே ஏன் பதிலே தரமாட்டேன் என்கிறார், அவருக்கு என்ன அவ்வளவு அலட்சியம், என்னைக் கேட்டால் அவர் பயப்படுகிறார், இல்லையா, நீங்களே சொல்லுங்கள் என்றேன். அக்கா பாலர் பள்ளிப் பிள்ளைகளிடம் பேசுகிற குரலில் சொன்னார்: "நீ ஒரு கேள்வி கேக்குற. வாய தொறக்கறதுக்குள்ள இன்னொண்ணு கேக்குற. ஒரு நாளைக்குக் கொட்டாய்க்கு வந்து, வாய மூடிக்கிட்டு உக்காரு."

பதில்

போனேன். வாயை மூடி உட்கார்ந்தேன். அதற்கு எந்தப் பெரியவரும் வீடியோ போடவில்லை, கஷ்டப்பட்டேன். அண்ணே என் கிட்டாரைப் பையிலிருந்து எடுத்தார். பக்கவாட்டுப் பொத்தான் பெட்டியின் மூடியை நகத்தால் நெம்பினார். உள்ளேயிருந்து சதுரமாக ஒரு சின்ன பேட்டரியை எடுத்து என் கையில் வைத்தார்.

"நாக்குல வச்சிப் பாரு."

வைத்தேன். பேட்டரியில் உயிர் இருந்தால் நாக்கு சுரீர் என்னும். ஒன்றுமில்லை. தகரத்தை நக்கியது போல இருந்தது.

"நான் ஒண்ணும் மூடல லா. ரெண்டாவது பாட்டுல இது செத்துருச்சு. செவப்பு லைட்டு மின்னுச்சு, நின்னுச்சு. கைய காட்டுனேன். மூணு தடவ காட்டுனேன். நீ கண்ண மூடிக்கிட்டு இருந்த. நானும் ரெண்டு கையில மைக்கு, மிக்சரு வச்சிக்கிட்டு எந்திரிச்சா வர முடியும்?"

மடியில் இருக்கிற கிட்டார் வாசிக்கிறவள் காதுக்கு எப்போதும் கேட்கும். மண்டபத்துக்குத்தான் வயர் வேண்டும். பொறியியல் புத்தகத்தில் இருக்கிறது. ஃபரிட் பெட்டியில் மெதுவாகத் தட்டிக்கொண்டே, "எலெக்ட்ரிக் படிக்கிற பிள்ளைதானே இது?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டான்.

நான் கடைசி ஆயுதத்தை எடுத்தேன். "சரி அண்ணே. ஆனா நான் இல்லாதது யாருக்கும் தெரியலையே. அப்ப நான் எதுக்கு?"

அண்ணே கொஞ்சம் எரிச்சலாகவே பார்த்தார். "யாருக்கும் தெரியலையா? மூணு பாட்டுல பிந்தி வந்தேன்னு நீதான எழுதியிருந்த? நாலாவது அம்சம். ஏன் பிந்துனேன்? உன் கட்டைவிரல் எறங்குற எடத்துலதான் நான் வாய தொறப்பேன். நீ குழுவுக்கு வந்த நாள்லேருந்து அப்படித்தான். அது கேக்கலன்னா எங்க உள்ள வாரதுன்னு எனக்குத் தெரியாது. மத்தவங்களுக்குத் தெரியலன்னா எனக்கென்ன?"

அண்ணே நீட்டிய புதுப் பேட்டரியைப் போட்டேன். உயிர் வந்ததற்கு அடையாளமாகச் சிவப்பு விளக்கு ஒருமுறை மின்னி அணைந்தது. லகாட்டுக்கு வருகிறேன் என்றேன். ஆனாலும் வாதத்தில் முழுதாகத் தோற்பது எங்கள் வீட்டில் பழக்கமில்லை. கையைக் காட்டினால் தெரியாது என்று தெரிகிறதல்லவா, பக்கத்தில்தானே இருந்தீர்கள், காலை ஒரு மிதி மிதித்துச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

மூன்று வருடப் படிப்புக்கும் சேர்த்து எனக்குக் கிடைத்த சான்றிதழை, மைக் வயரைச் சுற்றிக்கொண்டே அண்ணே வாசித்தார்: "மிதிச்சேன் லா. நல்லாவே மிதிச்சேன். நீ கண்ண தொறக்காம தலைய ஆட்டுன. சரி, இதுவும் எவனோ பெரிய ஆளோட ஸ்டைல் போலன்னு விட்டுட்டேன்."